கதிரையின் அடியில் இரண்டு குறிகள்

திருநெல்வேலியில் சந்தைக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்கும் நடுவில் நிற்கிற மூன்று மாடிக் கட்டடம் நான் கட்டியது. அதன் கீழே இருக்கிற கதிரைக் கடையும் நான் கட்டியதுதான். விற்கிற கடை அல்ல. கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எதுவென்றாலும் கதிரை, மேசை, சமையல் கிடாரம், தகரப் பந்தல் எல்லாம் கொடுத்துத் திருப்பி எடுக்கிற கடை. உடைந்த மரக் கதிரை மூன்றோடு தொடங்கினேன். சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து ஓடினோம், திரும்பி வந்து பார்த்தால் ஒரு கிடாரத்தின் மூடி மட்டும் கிடந்தது. அந்த மூடியிலிருந்து இரண்டாம் தரம் தொடங்கினேன். அதுவும் போனது. மூன்றாம் தரம் தொடங்கும்போது என் சொந்தத் தமையனே, “உனக்கென்ன விசரோ?” என்று கேட்டார். இன்றைக்கு என்னிடம் எண்ணூறு கதிரை இருக்கிறது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாத மண்டபம் இருக்கிறது. அது விழும் என்று சொன்ன பொறியியலாளர் தன் மகளின் கலியாணத்தை அதற்குள்தான் வைத்தார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் ஆறு மாதம் அம்மை.

இந்தப் பட்டியலில் இன்னுமொன்று சேர்க்க வேண்டியிருக்கிறது. உலகத்தில் ஒரு கணிதத் தேற்றம் இருக்கிறது. அதில் ஒரு பங்கு என்னுடையது.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். நான் நிற்கிறேன்.

மற்றப் பங்கு என் மேல்மாடியில் நாலு வருடம் குடியிருந்த வளாகத்துக் கணித விரிவுரையாளருடையது. பெயரைச் சொல்லமாட்டேன், காரணம் கடைசியில் வரும். நேரில் ‘பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவேன். எழுத்தில் மரியாதை வேண்டும் என்று என் மனிசி சொல்வதால் ‘அவர்’ என்று போடுகிறேன். நாற்பதைத் தாண்டியவர். சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்தவரின் மகள். வெளிநாட்டில் படித்து, அங்கேயே தங்கிவிடாமல் திரும்பி வந்தவர்.

அறை பார்க்க வந்த அன்று அவர் வாசலில் நின்றார். “கதிரை எல்லாம் ஒண்டுதான் பிள்ளை. ஏதாவது ஒண்டை இழுத்துப் போட்டு இரும்” என்றேன்.

“எப்பிடி ஒண்டு, ஐயா?”

குதர்க்கம் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. பசியோடு பந்தியில் இருக்கிறவர் சோற்று வாளி வருகிற திசையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நிறம் ஒண்டு, உயரம் ஒண்டு. வேறென்ன வேணும்?”

“அது ஒரு விதத்திலை ஒண்டு. வேற விதமும் இருக்கோ எண்டு பாப்பம்” என்று சொல்லி, இருக்கவேண்டிய கதிரையைத் தலைகீழாய்ப் புரட்டினார். அடியில் என் நீல வட்டம் இருந்தது. பக்கத்தில் வெண்கட்டியால் ஒரு எழுத்து.

“இந்த வட்டம்?”

“அது ஆரின்ரை கதிரை எண்டுறது. நீலம் என்ரை. கலியாண மாதத்திலை கதிரை போதாமல் மானிப்பாய்க்காரனிட்டையும் எடுப்பன், அவன்ரை சிவப்பு.”

“இந்த எழுத்து?”

“அது ஆர் வீட்டுக்குப் போகுது எண்டுறது.”

பிள்ளை நிலத்தில் குந்திவிட்டார். சீலைத் தலைப்பு தூசியில் கிடக்கிறது. அவருக்கு அது தெரியவில்லை. “ஒரு கதிரை. அதிலையிருந்து ஒரு அம்பு குடுத்தவரிட்டைப் போகுது, மற்ற அம்பு வாங்கினவரிட்டைப் போகுது. ஐயா, நாங்கள் இதுக்குத் தொடர்பு எண்டு பேர் வைச்சிருக்கிறம். நீங்கள் எவ்வளவு காலமா இதைச் செய்யிறியள்?”

“நீர் பிறக்க முன்னமிருந்து.”

அறையைப் பார்க்காமலே அன்று பின்னேரம் சாமான்களை இறக்கிவிட்டார்.

அவரோடு நாலு வருடம் வாழ்வதென்றால் அந்த ஒரு கேள்வியோடு வாழ்வது. ‘ஒண்டுதான்’ என்ற சொல்லை வாய்தவறி விட்டால் போதும், மேல்மாடியிலிருந்து காது வந்து நிற்கும். பலாலி வீதியில் ஒருநாள் இரண்டு பஸ் ஒன்றாக வந்தன. “ரெண்டும் ஒண்டுதான், ஏறுங்கோ” என்றான் நடத்துநர். “எப்பிடி ஒண்டு?” என்றார் இவர். அவன் யோசித்தான். பாவம், உண்மையாகவே யோசித்தான். இரண்டு பஸ்ஸும் போய்விட்டன. நடத்துநர் இவரோடு தரிப்பிடத்தில் நிற்கிறான்.

இரண்டாம் மாடியில் இரட்டைப் பிள்ளைகள் இருவர் இருந்தார்கள், வளாகத்தில் படிப்பவர்கள். எல்லோரும் “உரிச்சு வைச்ச மாதிரி ஒண்டு” என்பார்கள். இவர் அவர்களைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, “இவவின்ரை மச்சம் இடது பக்கம், அவவின்ரை வலது பக்கம். அப்ப நீங்கள் ஒண்டு, ஆனால் திருப்பிப் பாத்து ஒண்டு” என்றார். அந்தப் பிள்ளைகள் அதைக் கேட்டுத் துள்ளிய துள்ளலில் என் நிலத்து ஓடு ஒன்று வெடித்தது. அது நான் பதித்த ஓடு. சும்மா வெடிக்கிற ஓடு அல்ல.

“நீர் உண்மையிலை என்னதான் படிப்பிக்கிறீர்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சாமானைப் பற்றி இல்லை ஐயா. சாமானுக்கும் சாமானுக்கும் இடையிலை போற வழியைப் பற்றி. பிறகு வழிக்கும் வழிக்கும் இடையிலை போற வழியைப் பற்றி. அது ஒரு மாடி. அதுக்கு மேலை இன்னொரு மாடி.”

“எத்தினை மாடி?”

“முடிவில்லை.”

“பிள்ளை, நான் மூண்டு மாடிக்கு அனுமதி எடுக்கப் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும்.”

அவர் சிரித்த சிரிப்பில் மனிசி அடுப்படியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தாள்.

இன்னொருநாள், கோண்டாவிலில் ஒரு வீட்டுக்கு அறுபது கதிரை போயிருந்தது. அதில் ஒன்று கால் வெடித்தது என்று பிறகுதான் நினைவு வந்தது. தொலைபேசியில், “அந்த வெடிச்சதைத் திருப்பி விடுங்கோ” என்றேன். அவர்கள் எது என்று தேட மனமில்லாமல் அறுபதையும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நான் வாசலில் நின்று கத்துகிறேன், பிள்ளை படியில் நின்று கைதட்டுகிறார்.

“வடிவாப் பாருங்கோ ஐயா! ஒண்டு போச்சுது. போன இடத்திலையிருந்து கூப்பிட்டால் அங்கை போன எல்லாம் வருது. திரும்பி வாறது எண்டால் போனதை அழிக்கிறது இல்லை. அது தனி ஒரு வழி. போக்குக்குச் சோடியா ஒரு வரவு!”

“அறுபதையும் ஆர் திருப்பி ஏத்திறது?”

“அது நீங்கள்தான்” என்றார்.

அன்றைக்குத்தான் தன் தேற்றத்தை எனக்குச் சொன்னார். கதிரை ஒன்றில் குந்தியிருந்து, மற்றொன்றில் விரலால் கோடு போட்டுச் சொன்னார். “எல்லாத் தொடர்பையும் சேத்துப் பாத்தால் பெரிய காடு, ஐயா. இஞ்சையிருந்து அங்கை, அங்கையிருந்து வேறை இடம் எண்டு ஒவ்வொண்டுக்கும் விதி எழுத ஏலாது. நான் நிறுவப்போறது இதுதான். நேரை போற விதியை மட்டும் சொல்லுங்கோ. ஒவ்வொரு போக்குக்கும் ஒரு வரவு இருக்கட்டும். சந்தியிலை எந்தப் பக்கத்தாலை சுத்திப் போனாலும் ஒண்டா வரட்டும். உது ரெண்டும் சரியெண்டால் மிச்சக் காடு முழுக்கத் தானா வரும். ஆர் செய்தாலும் ஒரே விதமாத்தான் வரும். அதுதான் பொதுமைப் பண்பு.”

“நான் கடை நடத்திறதும் அப்பிடித்தானே!” என்றேன். “வேலையாக்களுக்கு நான் ரெண்டே ரெண்டு சொல்லித்தான் குடுக்கிறனான். போகேக்கை குறி போடு, வரேக்கை கோடு கீறு. மிச்சத்தை அவை தாங்களாச் செய்வினம்.”

அவர் கொப்பியை எடுத்து அதை எழுதினார். நான் என் கண்ணால் பார்த்தேன். வாசிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

ஒன்பது வருட வேலை. கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அவர்கள் ஏற்றால் அங்குள்ள ஆய்வு நிலையம் ஒன்றில் இடம் காத்திருந்தது. ஏற்காவிட்டால் இடமும் இல்லை, ஒன்பது வருடமும் இல்லை. பல மாதம் கழித்துப் பதில் வந்தது. கடிதத்தைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்தார்.

“என்ன பிள்ளை, பிழையாமோ?”

“பிழை எண்டும் சொல்லேல்லை ஐயா. முப்பத்தேழாம் பக்கத்திலை, சந்தியிலை ரெண்டு பக்கத்தாலை சுத்தினாலும் ஒண்டுதான், அது தெளிவு எண்டு எழுதிப்போட்டன். அவை கேட்டிருக்கினம்...” கடிதத்தை மடித்தார். “எப்பிடி ஒண்டு எண்டு. ரெண்டு மாதத்துக்குள்ளை சொல்லட்டாம். என்ரை கேள்வியை எனக்கே அனுப்பியிருக்கினம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

அதன்பிறகு மேல்மாடி செத்துப்போனது. அவர் மாடி மேல் மாடியாக எழுதிக்கொண்டே போனார். இரண்டும் ஒன்று என்று காட்ட ஒரு வழி எழுதுவார். அந்த வழியும் மற்ற வழியும் ஒன்று என்று காட்ட இன்னொன்று வேண்டும். அதற்கு மேலே இன்னொன்று. முடிவில்லாத வீட்டுக்குப் படி கட்டுகிறவர் மாதிரி. ஒருநாள் மனிசி தேத்தண்ணி கொண்டுபோய், “சீனி முடிஞ்சுது பிள்ளை, பனங்கட்டியைக் கடிச்சுக் குடியும். ரெண்டும் ஒண்டுதானே” என்றாள். போன வேகத்தில் படியிறங்கி ஓடிவந்தாள்.

“இஞ்சாருங்கோ! பிள்ளை ‘ஓம்’ எண்டு சொல்லிப் போட்டுது!”

“என்னத்துக்கு ஓம்?”

“ரெண்டும் ஒண்டுதானே எண்டன். ஓம் எண்டு சொல்லிப் போட்டுக் குடிக்குது! அதுக்கு என்னவோ நடந்திட்டுது!”

அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது.

இரண்டு மாதத்தில் ஒன்பது நாள் மிச்சமிருக்கும்போது சண்டிலிப்பாயில் அவருடைய பெரியப்பாவின் பேத்திக்குக் கலியாணம். கதிரை என்னுடையது. முதல்நாள் பின்னேரம் லொறிக்காரன் கீரிமலையிலிருந்து அழைத்தான்.

“முதலாளி, அந்தியேட்டி முடிஞ்சு கதிரை ஏத்திப் போட்டன். கடைக்கு வந்து சண்டிலிப்பாய்க்குப் போறதோ, நேரை போறதோ?”

“ரெண்டும் ஒண்டுதான்ரா. நேரை போ.”

நான் வாழ்க்கையில் செய்த பிழைகளை விரல்விட்டு எண்ணலாம். அதில் இது பெருவிரல். என் கடையின் முறை எல்லோருக்கும் தெரியும். செத்தவீட்டுக்கும் அந்தியேட்டிக்கும் போகிற கதிரைக்கு அடியில் வெண்கட்டியால் முக்கோணம். திரும்பி வந்ததும் முற்றத்தில் மஞ்சள் தண்ணீரில் கழுவி, முக்கோணத்துக்கு மேலே ஒரு கோடு. கோடு விழாத கதிரை நல்ல காரியத்துக்குப் போகாது. அந்தக் கோடு கடையில்தான் விழும். நேரே போன லொறிக்குக் கோடு எங்கே?

காலையில், தாலி கட்ட ஒன்றரை மணித்தியாலம் இருக்க, கலியாணப் பொம்பிளையின் மாமிக்குச் சீலைக் கரை கதிரைக் காலில் மாட்டியது. குனிந்து கதிரையைப் புரட்டினா. முக்கோணம்!

நான் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கும்போது பந்தல் அதிர்ந்துகொண்டிருந்தது.

“அந்தியேட்டிக் கதிரையிலையோ எங்கடை பிள்ளையின்ரை கலியாணம்? முக்கோணம் எனக்குத் தெரியாதே? போன வருசம் எங்கடை வீட்டுக்கு வந்ததும் உதுதான்!” என்றா மாமி.

“நாப்பதுதான் அம்மா. பிரிச்செடுத்துக் கழுவிறம்” என்றேன்.

கடையிலிருந்து போனதோடு கலந்து, இருநூற்றுக்குள் நாற்பது. மாப்பிளை பக்கம், பொம்பிளை பக்கம் என்று போட்டும் ஆயிற்று. லொறிக்காரன் சொல்கிறான், “அந்தந்தப் பக்கத்திலையே வைச்சு முக்கோணத்தைப் பிரிப்பம்.” பொம்பிளையின் சித்தப்பா சொல்கிறார், “இல்லை, எல்லாத்தையும் வெளியிலை எடுத்து முதல் முக்கோணத்தைப் பிரி. பிறகு ரெண்டு பக்கமும் போடு.” இரண்டு பேரும் சட்டையைப் பிடிக்கப் போனார்கள்.

“எந்த விதமாச் செய்தாலும் ஒண்டுதான்! தொடங்குங்கோ!” என்று கத்தினேன்.

“இன்னும் இவருக்கு ஒண்டுதானாம்” என்றா மாமி, பந்தல் முழுக்கக் கேட்க.

பின்னால் ஒரு குரல். மெல்லிய குரல். ஏழு கிழமையாக நான் கேட்காத குரல்.

“எப்பிடி ஒண்டு, ஐயா?”

பட்டுச் சீலையில், கண் இரண்டும் குழி விழுந்து, பிள்ளை நிற்கிறார். “நேற்று ஒண்டுதான் எண்டு சொன்னியள், பிழைச்சுப் போச்சு. இப்பவும் ஒண்டுதான் எண்டுறியள். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

எனக்கு வந்ததே கோபம். “நேற்று நான் வாயாலை சொன்னனான், பிள்ளை! இப்ப கதிரை சொல்லுது. போகேக்கை ஒரு குறி, வரேக்கை ஒரு கோடு. ஒண்டோ இல்லையோ எண்டதை அது ரெண்டும் சொல்லும். அதுக்கு மேலை நான் புதுசா என்னத்தை எழுதுறது? நேற்றையான் வழியைப் புரட்டிப் பாத்தால் கோடு இல்லை, அப்ப ஒண்டில்லை. இதைப் புரட்டிப் பாத்தால், எந்த விதமாப் பிரிச்சாலும் அதே நாப்பது முக்கோணம்தான், எல்லாம் பொருந்தும், அப்ப ஒண்டு. எழுதத் தேவையில்லை. பாத்தால் காணும், அதே போதும்!”

பிள்ளை கிட்ட வந்தார்.

“எழுதத் தேவையில்லை” என்றார்.

“ஓம்.”

“பாத்தால் காணும்.”

“ஓமடி பிள்ளை, வழியை விடும்!”

என் சட்டைப் பையிலிருந்த வெண்கட்டியைப் பறித்தார். ஒரு கதிரையைப் புரட்டி அதன் அடியில் எழுதத் தொடங்கினார். அது நிரம்பியதும் அடுத்தது. பிறகு அடுத்தது. தவில்காரர் தட்டிப் பார்க்கிறார், முற்றத்தில் மஞ்சள் தண்ணீர் ஓடுகிறது, லொறிக்காரனும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே கழுவுகிறார்கள். நடுவில் இந்தப் பிள்ளை முழங்காலில் நின்று கதிரை கதிரையாக எழுதிச் சிரிக்கிறார். கூறைச் சீலையோடு பொம்பிளையே எட்டிப் பார்த்து, “அன்ரிக்கு என்ன?” என்று கேட்டாள்.

“அன்ரிக்கு ஒண்டுமில்லை. இந்தக் கதிரையளை ஒருத்தரும் தொடக்கூடாது!” என்று நான் இரண்டு கையையும் விரித்து நின்றேன். பதினான்கு கதிரை. பதினான்கு பெரியவர்கள் தாலி கட்டி முடியும்வரை நின்றுதான் பார்த்தார்கள். அதில் மாமியும் ஒருத்தி. கலியாணப் படத்தில் இன்றைக்கும் பார்க்கலாம். தாலி கட்டுகிற மாப்பிளைக்குப் பின்னால் ஐம்பத்தாறு கதிரைக் கால் வானத்தைப் பார்த்து நிற்கிறது.

அதோடு என் வேலை முடியவில்லை. கதிரையை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் அடியில் எழுதியது தேய்ந்துவிடும். இது கணிதக்காரருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். லொறியில் வைக்கோல் பரப்பி, பதினான்கையும் கால் மேலே இருக்கத் தனித்தனியாகக் கிடத்தினேன். சண்டிலிப்பாயிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் நடை வேகத்தில் வந்தோம். வீதியில் போன சனம் ஏதோ செத்தவீடு என்று நினைத்துச் சைக்கிளை விட்டு இறங்கி ஒதுங்கி நின்றது. பிள்ளை முன்னால் என் பக்கத்தில் இருந்து, ஒதுங்கி நின்றவர்களுக்கெல்லாம் கைகாட்டிக்கொண்டு வந்தார்.

“ஐயா, நான் வெளியிலையிருந்து ‘ஒண்டு’ எண்டதைக் கொண்டுவந்து ஒட்டப் பாத்தனான். அதுதான் மாடி முடியேல்லை. போக்குக்கு வரவு இருந்தால், அந்தச் சோடியே ஒரு வழியிலையிருந்து மற்ற வழிக்கு அம்பு கீறித் தந்திடும். நான் ஒண்டும் கீறத் தேவையில்லை. அது முறியாமல் பொருந்துதோ எண்டு பாத்தால் காணும். பொருந்தினால் எல்லா மாடியும் தானா எழும்பும்!”

“அதைத்தானே நான் சொன்னனான்.”

“அதைத்தான் சொன்னனீங்கள்” என்றார். லொறிக்காரன் சாட்சி.

ஒன்பது நாளில் எழுதி அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று மனிசி சீனியும் பனங்கட்டியும் இரண்டும் கொண்டுபோனாள். “எப்பிடி ஒண்டு?” என்று பிள்ளை கேட்டார். மனிசி அழுதுவிட்டாள். பிறகு ஆய்வு நிலையத்துக்குப் போனார். விமான நிலையத்துக்குப் போகிற வான் வண்டியில் ஏறும்போதும், “எந்தச் சீற்றும் ஒண்டுதான்” என்ற சாரதியைப் பத்து நிமிடம் மறித்து வைத்திருந்தார்.

போன மாதம் அச்சான கட்டுரை வந்தது. இரட்டைப் பிள்ளைகளில் மூத்தவளைக் கொண்டு வாசிப்பித்தேன். முதலில் நன்றி எங்கே என்று கேட்டேன். வாசித்தாள். கேள்வி கேட்ட ஆய்வாளருக்கு நன்றி. கலியாணப் பொம்பிளைக்கு நன்றி. தேத்தண்ணிக்காக என் மனிசிக்கு நன்றி. கடைசியில், “திருநெல்வேலிக் கதிரைகளுக்கும்.”

“பிறகு?” என்றேன்.

“பிறகு தேற்றம் தொடங்குது, தாத்தா.”

கதிரைகளுக்காம்! கதிரை எப்போது வாய் திறந்தது? மனிசி அன்று முழுக்க நடந்த நடையைப் பார்க்கவேண்டும். ஆய்விதழில் பெயர் வந்த நடை.

பிள்ளை, இதை ஆராவது உமக்கு அனுப்பி வைப்பார்கள். அந்த நன்றியை நான் புரட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு குறிதான் இருக்கிறது. எங்கே போனது என்று இருக்கிறது. ஆர் கொடுத்தது என்ற நீல வட்டத்தைக் காணவில்லை. ஒரு குறியோடு என் கடையிலிருந்து எந்தச் சாமானும் வெளியே போனதில்லை. ஆகையால் நீர் என் பெயரை எழுதும்வரை நானும் உமது பெயரை எழுதுவதாக இல்லை. அந்தப் பதினான்கு கதிரையும் என் மண்டபத்து மூலையில் கால் மேலே இருக்கக் கிடக்கின்றன. எந்தக் கலியாணத்துக்கும் கொடுக்கமாட்டேன். வெண்கட்டி ஒரு எழுத்தும் அழியவில்லை.

சண்டிலிப்பாய்ப் பந்தலில் நான் கத்தியதும் உமது முப்பத்தேழாம் பக்கத்தில் இப்போது அச்சில் இருப்பதும் ஒண்டுதான். எப்படி ஒண்டு என்று நீர்தான் எழுதவேண்டும். என் பெயரைப் போட்டு, தகப்பன் பெயரின் முதலெழுத்தும் போட்டு, முழுதாய் எழுதும்.